அம்மா வண்டி

உங்கள் சைக்கிளின் பின்சக்கரம் லேசாக ஆடுகிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. வாசலில் அதைச் சாத்தும்போதே கவனித்தேன். வலது பக்கம் இரண்டு கம்பிகள் தளர்ந்திருக்கின்றன. கால் திருப்பு முறுக்கினால் போதும். இப்படியே ஓட்டினால் இன்னும் ஒரு மாதத்தில் வளையமே கோணிக்கொள்ளும்.

நீங்கள் எழுதிக் கொண்டுவந்த காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் கொஞ்சம் பேச வேண்டும். இந்த நாலு நாளும் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டீர்கள். மனைவியைப் பறிகொடுத்தவன் என்று என் முன்னால் குரலைக்கூட உயர்த்தவில்லை. அப்படிப்பட்டவரைத் தப்பான காகிதத்தோடு திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

தில்லைநாயகம் என்று என் பெயரைச் சொன்னால் அம்பாசமுத்திரத்தில் எங்கள் குடும்பத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. என் அப்பா காலத்தில் வயல் இருந்தது. வழக்குகளில் அது போயிற்று. எனக்கு மிஞ்சியது இந்த வீடும், பின்கட்டில் வில்வண்டி நிறுத்திய கொட்டகையும்தான். மெட்ரிகுலேஷன் வரை படித்தேன். மலையடிவார மில்லில் ஸ்டோர் குமாஸ்தா வேலை கிடைத்தது. எண்ணெய் டின், தோல் பெல்ட், ஆணி, திருகு, எல்லாம் என் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. இஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர்கள் என்னைப் பிள்ளைவாள் என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் ஒரு இஞ்சின் நின்றுபோனால் என்னைத் தாண்டி அடுத்தவனிடம் போய்க் கேட்பார்கள். எட்டு வருடம் அப்படி.

ஜெர்மனியோடு சண்டை தொடங்கிய வருடம், மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் பட்டாளத்துக்குப் போனார். அவர் சாமான்களை விற்றபோது ஒரு மோட்டார் சைக்கிளும் கிடந்தது. பள்ளத்தில் விழுந்து சட்டம் முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி ஆகியிருந்தது. இஞ்சின் மட்டும் பிழைத்திருந்தது. டூ ஸ்ட்ரோக் இஞ்சின் ஐயா. அதில் வால்வு கிடையாது. பெட்ரோல் முதலில் இஞ்சினின் அடிப்பெட்டிக்குள் போய், அங்கிருந்து மேலே ஏறி வெடிக்கும். அவ்வளவு எளிமை. அதை ஒரு மாட்டு வண்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மற்றதையெல்லாம் நான் சேர்த்தேன். சட்டம் ஒரு பழைய இங்கிலீஷ் சைக்கிளுடையது. பின்சக்கரம் பாளையங்கோட்டையில் பாதிரியார் ஒருவர் கழித்துப்போட்ட வண்டியிலிருந்து வந்தது. முன்பக்கத்துக்குக் குதிரை வண்டி வில்லை அறுத்து வைத்தேன். பெட்ரோல் தொட்டி, மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தகரக்கொல்லரிடம் ஈயம் வைத்து அடித்தது. பெல்ட், மில்லில் கழித்த தோல் பெல்ட்டின் நல்ல பாகம். ஒன்றரை வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதில் போயின. நான் சந்தோஷமாக இருந்த ஞாயிற்றுக்கிழமைகள் அவை.

என் மனைவி பிரம்மநாயகி என் தாய்மாமன் மகள். கல்யாணமாகி ஒன்பது வருடம். குழந்தை இல்லை. சின்ன வயதில் சீழ் வடிந்து அவளுக்கு இடது காது போய்விட்டது. வலது காது மட்டும்தான். ஆனால் அந்த ஒரு காதில் அவளுக்குக் கேட்டதெல்லாம் உங்களுக்கும் எனக்கும் கேட்காது. குயவர் வீட்டில் பானை வாங்கப் போனால் விரலால் ஒரு தட்டுத் தட்டி, எத்தனை மாதத்தில் விரிசல் விடும் என்று சொல்லுவாள். சொன்னபடி விடும்.

வண்டியைப் பூட்டி முடித்ததும் இஞ்சின் ஓடவில்லை. இரண்டு முறை வெடிக்கும், இருமும், நின்றுவிடும். ஒரு மாதம் போராடினேன். ஒரு நாள் கொட்டகைக்கு வந்து நின்றுகொண்டிருந்தவள் சொன்னாள்.

"அத்தான், அடிப்பெட்டியில எங்கனயோ மூச்சு போவுது. நீங்க பைய கையால சுத்துங்க, நான் கேக்கேன்."

சுற்றினேன். மண்டியிட்டு வலது காதை இஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஈர்க்குச்சியால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். பெட்டியின் இரண்டு பாதிகளும் சேரும் இடம் அது. பழுப்புக் காகிதத்தை அரக்கில் தோய்த்து வெட்டி அந்த இடுக்கில் வைத்து இறுக்கினேன். இஞ்சின் ஓடியது.

ஒரு வாரத்தில் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொண்டது. நான் விளக்கெண்ணெயைத் தனியாகச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தேன். அதற்கும் அவள்தான் வந்தாள். "பெட்ரோல் போற வழியிலதான எண்ணெயும் போவணும்? ரெண்டையும் ஒண்ணாக் கலந்து ஊத்துனா என்ன?" என்றாள். நான் சிரித்தேன். அவள் ஒரு கண்ணாடிப் புட்டியில் இரண்டையும் ஊற்றிக் குலுக்கினாள். விளக்கெண்ணெய் அடியில் தங்கியது. அடுத்து நான் மில்லிலிருந்து கொண்டுவந்திருந்த இஞ்சின் எண்ணெயை ஊற்றிக் குலுக்கினாள். அது கலந்தது. அன்று பாபநாசம் ரோட்டில் நாலு மைல் நிற்காமல் போய் வந்தேன்.

மில்லில் இரண்டையும் நானே கண்டுபிடித்ததாகச் சொன்னேன். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. காகிதத்தை வெட்டிய கை என் கை. எண்ணெயை அளந்து ஊற்றியதும் நான்தான். முதல் முறையாக பிட்டர்கள் என்னைச் சுற்றி நின்று கேட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேக் முகம்மது வண்டியைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். மேலப்பாளையத்துக்காரர், மில்லில் முப்பது வருடமாக இஞ்சின் டிரைவர். அவர் ஒரு இஞ்சினைப் பற்றி ஒன்று சொன்னால் துரைகள்கூட மறுத்துப் பேசமாட்டார்கள். வண்டியை ஓடவிட்டு, தாடியைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"நெருப்பு கொஞ்சம் முந்தி விழுதோ, பிள்ளைவாள்?" என்றார்.

"இல்லை, சரியாக விழுகிறது" என்றேன்.

கதவுக்குப் பின்னால் மோர்ச் செம்போடு நின்ற பிரம்மநாயகி மெதுவாகச் சொன்னாள். "முந்தியில்ல அண்ணாச்சி, பிந்தி விழுது. ஏத்தத்துல போனா மூச்சு முட்டும்."

சேக் முகம்மது கதவுப் பக்கம் பார்க்காமல் திரும்பி நின்று, நெருப்புப் பொறி தரும் மேக்னெட்டோவை ஒரு நூல் அளவு நகர்த்தினார். மறுபடி கிளப்பினார். சத்தம் மாறியது எனக்கே கேட்டது. அவர் இஞ்சினை நிறுத்தினார். பிறகு சிரித்தார்.

"நானும் இத்தன வருசம் இஞ்சினோடயே கெடக்கேன். பிள்ளைவாள், இது ஒம்ம வண்டி இல்ல வே. அம்மா வண்டி."

நல்ல மனிதர். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். திங்கட்கிழமை காலையில் மில் வாசலில் அந்தப் பேச்சு இருந்தது. ஒரு வாரத்தில் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. "ஏலே, ஒதுங்குலே, அம்மா வண்டி வருது" என்று பையன்கள் கத்துவார்கள். பெரியவர்கள் சிரிப்பார்கள். பிட்டர்கள் என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கேட்டாலும், "வீட்டுல கேட்டுச் சொல்லும்" என்றார்கள். ஒரு நாள் தெருவில் யாரோ அப்படிக் கத்தியது அடுக்களை வரை கேட்டது. பிரம்மநாயகி அரிசி களைந்துகொண்டிருந்தாள். குனிந்தபடியே சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்ததை அவள் கவனிக்கவில்லை.

நான் பொறாமைக்காரன் இல்லை ஐயா. அவளை ஒரு நாளும் அடித்ததில்லை. அதட்டியதும் கிடையாது. தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

மார்கழியில் சளி பிடித்து அவளுக்கு வலது காது வலித்தது. இரண்டு நாள் துடித்தாள். நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி இளஞ்சூட்டில் ஊற்றினால் சரியாகும் என்று சொல்லி, என்னைக் காய்ச்சச் சொன்னாள். எண்ணெயின் சூடு எனக்குத் தெரியும். புகை வருவதற்கு முன் அதன் மேல் ஒரு நெளிவு ஓடும். அந்த நெளிவு வரும் வரை அடுப்பில் வைத்திருந்தேன். அவசரப்படவில்லை. கரண்டியில் எடுத்துக்கொண்டு போனேன். என் மடியில் தலை வைத்துப் படுத்தாள்.

"சூடு பாத்தாச்சா அத்தான்?" என்றாள்.

"பாத்தாச்சு" என்றேன். பார்த்துத்தான் இருந்தேன்.

திருநெல்வேலியிலிருந்து வந்த டாக்டர், காதின் உள்சவ்வு வெந்துபோயிருப்பதாகச் சொன்னார். எண்ணெயைத் தொட்டுப் பார்க்காமல் ஊற்றினீர்களா என்று என்னிடம் கேட்டார். அவர் கேட்டது அவளுக்குக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள் போலும். "அத்தான் தொட்டுப் பாத்துத்தான் ஊத்துனாக. எனக்குத்தான் நேரம் சரியில்ல" என்று உரக்கச் சொன்னாள். தன் குரலின் அளவு அன்றிலிருந்து அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் அவளை நன்றாக வைத்துக்கொண்டேன். சிலேட்டு ஒன்று வாங்கி, சொல்ல வேண்டியதை எழுதிக் காட்டினேன். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். அந்த மூன்று மாதமும் வீடு அமைதியாக இருந்தது. கொட்டகையில் நான் தனியாக வேலை செய்தேன். எனக்கு யார் மீதும் வருத்தம் இல்லை.

பங்குனியில் வண்டி இழுக்க மறுத்தது. மூன்று முறை பிரித்துப் பூட்டினேன். ஒன்றும் தெரியவில்லை. சேக் முகம்மதுவிடம் போக எனக்கு விருப்பமில்லை. ஒரு நாள் மாலை மில்லிலிருந்து நடந்து வந்தபோது தெருமுனையிலேயே இஞ்சின் சத்தம் கேட்டது. கொட்டகையில் வண்டி ஸ்டாண்டில் நின்று ஓடிக்கொண்டிருந்தது. அவளே கிளப்பியிருக்கிறாள். ஒரு உள்ளங்கையைப் பெட்ரோல் தொட்டியிலும், மற்றதை அடிப்பெட்டியிலும் வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் தெருவே கேட்கும்படி சொன்னாள்.

"அத்தான், இடப்பக்கத்து பேரிங் தேஞ்சு போச்சு. காது எதுக்கு, கையிலயே தெரியுதே."

பிரித்துப் பார்த்தேன். இடது பேரிங் தேய்ந்துதான் இருந்தது. வேறொன்று போட்டுப் பூட்டினேன்.

மறுநாள் மில் வாசலில் சேக் முகம்மது என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "காது போயும் கண்டுபுடிச்சாகளாமே. அல்லா ஒண்ண எடுத்தாலும் ஒண்ணக் குடுத்திருக்கான் வே" என்றார். நான் தலையாட்டினேன். காதோடு அது முடியவில்லை என்று அப்போது எனக்குத் தெரிந்தது. கையை என்ன செய்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு அந்த யோசனையை விட்டேன். கை போனால் காலால் தொட்டுச் சொல்லக்கூடியவள் அவள்.

வெள்ளிக்கிழமை காலையில் நடந்தது உங்கள் காகிதத்தில் இருக்கிறது. அவள் ஆற்றில் குளித்துவிட்டு ஈரச்சேலையோடு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாய்க்கால் ரோட்டில் நடந்து வந்தாள். நான் பின்னாலிருந்து வண்டியில் வந்தேன். ரோட்டில் இரண்டு மாட்டு வண்டிகள் தாராளமாக விலகிப் போகலாம். எதிரே புல்லுக்கட்டோடு வந்த இன்பமணி உங்களிடம் சாட்சி சொன்னதும் சரிதான். நான் மூன்று முறை ஹாரனை அமுக்கினேன். "அவுக ஹாரன் அடிச்சாக சாமி, அந்த அம்மைக்குத்தான் காது கேக்காதே" என்று அவள் அழுதுகொண்டே சொன்னபோது நீங்கள் தொப்பியைக் கழற்றினீர்கள்.

இன்பமணி சொல்லாத ஒன்று உண்டு. அவள் தலையில் புல்லுக்கட்டு இருந்ததால் கவனித்திருக்கமாட்டாள். கடைசியில் பிரம்மநாயகி திரும்பிப் பார்த்தாள். தரையின் அதிர்வு அவள் காலுக்கு எட்டியிருக்கும். என்னைக் கண்டதும் பயப்படவில்லை. நான் போக வழிவிடுவதற்காகக் கரையோரமாக ஒதுங்கினாள். நானும் கரையோரமாகத் திருப்பினேன்.

இனி, காகிதத்தின் இரண்டாவது பக்கம். "வீட்டில் பல வண்டிகளின் பழைய பாகங்களைக் கொண்டு செய்த வாகனமாதலால் பிரேக் வேலை செய்யவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைக் காப்பாற்றுவதற்காக எழுதியது. உங்கள் கருணை எனக்குப் புரிகிறது. ஆனால் அது உண்மையில்லை. பெல்ட் வளையத்தில் வேலமரக் கட்டை அழுந்துகிற மாதிரி நான் செய்த பிரேக் அது. பாபநாசம் இறக்கத்தில் பத்தடிக்குள் நிற்கும். வண்டி பின்னால்தான் இருக்கிறது, நீங்களே ஓட்டிப் பாருங்கள். வெள்ளிக்கிழமையும் அது நன்றாகத்தான் இருந்தது. நான் மிதிக்கவில்லை. கால் அதன் மேல் தற்செயலாகக்கூடப் பட்டுவிடக் கூடாது என்று தூக்கி வைத்துக்கொண்டேன்.

அந்த வரியை அடித்துவிடுங்கள். கொன்றவன் என்ற இடத்தில் என் பெயரை எழுதுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. கோர்ட்டில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவீர்கள், அதைச் செய்தது யார் என்று ஜட்ஜ் துரை கேட்பார். அங்கேயும் என் பெயர் ஒன்றுதான் இருக்க வேண்டும், ஐயா.