ஓர்பா பேருல போட்ட மனு

அழுவேன்னுதானே கேமராவ இந்தப் பக்கமா திருப்பி வச்சீங்க? சும்மா சொல்லுங்க தம்பி, கோச்சுக்க மாட்டேன். ஜகார்த்தாவுல இருந்து ரெண்டு பிளேன் மாறி, இந்த மலை ரோட்டுல அஞ்சு மணி நேரம் குலுங்கி வந்தது இந்த யூப்ளினா சிரிக்கிறத படம் புடிக்கவா? போன நவம்பர்ல தையல் மெஷின் தொறந்து வைக்க ஒரு வெள்ளக்காரர் வந்தாரே, உங்க அறக்கட்டளைப் பெரியவரு, நான் வாயத் தொறக்கவே இல்ல, அவரு கைக்குட்டைய எடுத்து நீட்டிட்டாரு. பாவம், அவ்வளவு தூரம் வந்த மனுஷன் ஏமாந்து போகக் கூடாதேன்னு நானும் ரெண்டு சொட்டு விட்டேன். நல்லா வரும் எனக்கு. காட்டட்டுமா? வேணாமா? சரி.

மொதல்ல பாக்கு எடுங்க. இது வெத்தலக் காய், எங்க பக்கம் எலைக்குப் பதிலா இதான், இது சுண்ணாம்பு. சேர்த்துக் கடிங்க. கடிக்கலன்னா நீங்க என் வீட்டுக்கு வரவே இல்லன்னு அர்த்தம், அப்புறம் நான் எதுக்குப் பேசணும்? ஆங், அப்படித்தான். ஐயோ, கண்ணு கலங்கிருச்சு பாரு! இப்ப கேமராவ உங்க பக்கம் திருப்புங்க.

உக்காருங்க. அந்த சிமெண்டு மேடைதான், நாற்காலியெல்லாம் சர்ச்சுக்குப் போயிருக்கு. எதுக்குத் துள்ளி எந்திரிக்கிறீங்க? ஆமா, கல்லறைதான். என் பொண்ணு ஓர்பாதான். வாசல்ல புதைச்சா வாசல்லதான் இருப்பா, வேற எங்க போவா? நாங்க அது மேல சோளம் காய வைக்கிறோம், துணி மடிக்கிறோம். உக்காருங்க தம்பி. உசுரோட இருக்கும்போதே அவ யாரையும் எந்திரின்னு சொன்னவ இல்ல.

அங்க திரும்பி உக்காந்து சோளம் உதுக்குறது என் நாத்தனார், அடோல்ஃபினா. காது மந்தம். அவள விடுங்க.

மனு எழுதுன கதையா? அது பெரிய கூத்து. நான் ஆறாவதோட நின்னவ. ஆனா யாரு பேசினாலும் அப்படியே பேசிக் காட்டிருவேன். எங்க போதகர் ஆமென் சொல்றதுக்கு முன்னாடி மூணு இருமல் இருமுவாரு, மூணாவதுல பல்செட்டு நகரும், அது வரைக்கும் வரும் எனக்கு. கல்யாண வீட்டுல என்னைக் கடைசிப் பந்தியிலதான் உக்கார வைப்பாங்க, மத்தவங்களுக்குப் புரையேறிரக் கூடாதுன்னு. எங்க வாலிபர் சங்கத்துப் புள்ளைங்கதான் சொல்லுச்சுங்க, அத்தே, எல்லாரு மாதிரியும் பேசுறீங்களே, நிதி குடுக்குறவங்க மாதிரியும் பேசிப் பாருங்களேன்னு. உங்க அறிக்கைய நாலஞ்சு படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஒரே வாரம். புடிச்சிட்டேன். இளையோர் அதிகாரமளித்தல். நிலைத்த வாழ்வாதாரம். பயனாளிகளை மையப்படுத்திய அணுகுமுறை. பாருங்க பாருங்க, உங்க மூஞ்சி எப்படி மலருது, சொந்தக்காரனப் பாத்த மாதிரி!

ஆனா மொத மனு தோத்துப் போச்சு. பிரச்சினை என்னன்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல நான் உள்ளத எழுதினேன். பிரச்சினை ஒண்ணும் இல்ல, எங்க புள்ளைங்க நல்ல புள்ளைங்க, மெஷினும் சொல்லிக் குடுக்க ஒரு ஆளும் இருந்தா ஊர்லயே இருந்துக்குவாங்கன்னு. உங்க ஆபீஸ்ல இருந்து ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு. இப்படித்தான் பேசும், கேளுங்க. அம்மாஆஆ, மனு ரொம்ப அழகா இருக்கும்மா, ஆனா அதுல வலி இல்லயேம்மா. வலி இல்லயாம்! என் முட்டிய வேணா அனுப்பட்டுமான்னு கேட்டேன். சிரிக்கக் கூட இல்ல. சிரிச்சுட்டீங்கல்ல? இந்தக் குரல் யாருதுன்னு தெரிஞ்சிருச்சா? சொல்லிராதீங்க, நல்ல பொண்ணு அது.

ரெண்டாவது தடவ, மழை இல்ல, சோளம் இல்ல, வாரச் சந்தைக்கு ஏஜெண்டு வந்து பொண்ணுங்கள வெளிநாட்டு வேலைக்குக் கூட்டிட்டுப் போறான்னு எழுதினேன். மறுபடி போன். அம்மாஆஆ, இத எல்லா ஊர்லயும் எழுதுறாங்கம்மா, எங்களுக்கு ஒரு முகம் வேணும், ஒரு பேரு வேணும், போய்க் கஷ்டப்பட்ட ஒரு பொண்ணோட கதை வேணும்.

இங்கதான் தம்பி எனக்குச் சிக்கலு. எங்க பக்கம் அடுத்தவ புள்ளையப் பத்திக் கெட்டது வாயால சொல்லக் கூடாது. சொல்லிட்டா, அந்தப் புள்ளையோட தாய்மாமன் வீடேறி வருவான். சொன்னவ பன்னி வெட்டி, துணி போத்தி, மன்னிப்புக் கேட்டு, அந்தச் சொல்லத் திரும்ப எடுத்துக்கணும். சும்மா இல்ல, பெரிய பன்னி. அப்ப நான் யாரு பேர எழுதுவேன்? பக்கத்து வீட்டு மார்ட்டாவோட பொண்ண எழுதவா? அந்தக் கோடி வீட்டுப் பொண்ண எழுதவா? ரெண்டு நாள் யோசிச்சேன். சொந்தப் புள்ளைன்னா யாரு வந்து பன்னி கேக்கப் போறா? அதனால என் பொண்ணு பேரையே எழுதினேன். பத்தொம்பது வயசு ஓர்பா, மலேசியாவுக்கு வீட்டு வேலைக்குப் போனா, பூட்டி வச்சாங்க, சாப்பாடு குடுக்கல, பெட்டியில வந்தா. அதான் இப்ப உங்க கையில இருக்குற, உங்க ஆபீஸ் போட்ட புத்தகத்துல மொதப் பக்கம். படம் நல்லா விழுந்திருக்குல்ல? ஈஸ்டருக்கு எடுத்தது.

ஆமா. பெட்டி குபாங் ஏர்போர்ட்ல சரக்கு எறங்குற பக்கமா வரும். ஆளுங்க வர்ற வாசல்ல நின்னுட்டிருந்தேன், ஒருத்தர் வந்து, அம்மா, இங்க இல்ல, அந்தப் பக்கம்ன்னாரு. அங்க போனா மீன் பெட்டி, டிவி பெட்டி, நடுவுல அவ. கையெழுத்து போடச் சொன்னாங்க. எனக்கு முன்னாடி நின்னவரு டிவிக்குப் போட்டாரு. அதே நோட்டு.

தொறக்க வேணாம்ன்னாங்க. தொறந்தேன். பாக்கணும்ல. முடிய ஒட்ட வெட்டியிருந்தாங்க தம்பி. இடுப்பு வரைக்கும் இருந்த முடி. ஞாயித்துக்கிழமைன்னா நான் உக்காந்து பின்னி விடுவேன், அம்மா இழுக்காத, அம்மா இழுக்காதன்னு கத்துவா. வேற யாரு பொண்ணோ வந்துருச்சுன்னு நெனச்சேன். ஒரு நிமிஷம் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம் காதுக்குப் பின்னாடி மச்சத்தப் பாத்தேன்.

இல்ல, முடி விஷயம் புத்தகத்துல இருக்காது. எழுதுறப்ப அது எனக்குத் தெரி... ஞாபகம் வரல. அந்த நேரத்துல எல்லாமா ஞாபகம் வரும்? நீங்க அத எழுதிக்காதீங்க.

சரி, வேலையப் பேசுவோம். மனு போனது போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆகஸ்ட். சரின்னு கடுதாசி வந்தது அக்டோபர். சர்ச்சுல மணி அடிச்சோம், பன்னியடிச்சு ஊருக்கே சோறு போட்டோம். இருபத்திரெண்டு பொண்ணுங்க பேரு குடுத்துச்சுங்க. மெஷின் எப்ப வந்துச்சு? சொல்லுங்க பாப்போம். போன வருஷம் நவம்பர்ல! ஒரு தடவ சங்கத்து முத்திரை தெளிவா இல்லன்னாங்க. ஒரு தடவ கையெழுத்து கட்டத்த விட்டு வெளிய போயிருச்சுன்னாங்க. ஒரு தடவ உங்க ஆபீஸே வேற கட்டடத்துக்கு மாறுச்சு. ஏஜெண்டுக்கு எந்த முத்திரையும் வேணாம் தம்பி. வந்தான், அப்பன்காரனுக்குப் பாக்கும் சிகரெட்டும் வச்சான், அடுத்த சந்தைக்குள்ள பொண்ணு பிளேன்ல. ஒவ்வொருத்தியும் வந்து கேக்கும். மெஷின் எப்ப வரும்? அடுத்த மாசம். எப்ப வரும்? அடுத்த மாசம். அடுத்த மாசம் அடுத்த மாசம்ன்னு உங்க ஆபீஸ் பொண்ணு குரல்லயே சொல்லுவேன், கொஞ்ச நாளு சிரிச்சுதுங்க. மெஷின் வந்து எறங்குனப்ப ஏழு பேரு இல்ல.

யாரு யாருன்னா, வேணாம், பேரெல்லாம் எதுக்கு. போனவங்க போனாங்க.

இப்ப மிச்சம் இருக்குறது பதினஞ்சு. மெஷின் ஆறு. முறை வச்சுத் தைக்கிறாங்க, பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறாங்க, போய்ப் பாருங்க, நான் ஒண்ணும் பொய் சொல்லல. நீங்க நல்லபடியா எழுதிக் குடுத்தா ரெண்டாவது கட்டம் வரும், ஆளுக்கு ஒண்ணு ஆகும். இல்லன்னா சனிக்கிழமை சந்தை. அவன் வந்துருவான். ஒண்ணே ஒண்ணுதான் தம்பி உங்ககிட்ட கேக்குறேன். அழச் சொன்னா அழுறேன், மண்ணுல விழுந்து பொரளச் சொன்னா பொரளுறேன், கேமராவுக்கு எது நல்லா இருக்குமோ அதச் சொல்லுங்க. இந்தத் தடவ மட்டும் சீக்கிரம் அனுப்பச் சொல்லுங்க.

என்ன அங்கயே பாக்குறீங்க? சிலுவையா? ஆமா, பொறந்த தேதி, எறந்த தேதி. செப்டம்பர் ஒம்பது.

போன வருஷமா? அப்படியா போட்டிருக்கு?

அட, நெசமாவே போன வருஷம்ன்னுதான் இருக்கு. மனு அதுக்கு முந்தின வருஷமே வந்துருச்சே, அப்ப எப்படின்னு கேக்குறீங்களா? நல்ல கண்ணு தம்பி உங்களுக்கு, இத்தன பேரு வந்தாங்க, ஒருத்தரும் பாக்கல. அது ஒண்ணும் இல்ல, பெயிண்ட் அடிச்சவன் பண்ணின வேலை. எப்பப் பாத்தாலும் பனஞ்சாராயம், கை ஒரு பக்கம் போகும் பிரஷ் ஒரு பக்கம் போகும். தன் பேரையே ஒழுங்கா எழுதத் தெரியாத குடிகாரன், வருஷமா எழுதுவான்? நானே மாத்தணும் மாத்தணும்ன்னு இருக்கேன். நீங்க மனுவுக்கு முந்தின வருஷம்ன்னே எழுதிக்குங்க. பேனா தீந்துருச்சா? இந்தாங்க, என்கிட்ட...

என்ன அடோல்ஃபினா? உனக்கென்ன இங்க, நீ சோளத்தப் பாரு. இல்ல, உன்னை யாரும் ஒண்ணும்...

— எனக்குக் கேக்குது அண்ணி, நல்லாவே கேக்குது! என் புருஷன் குடிப்பாரு, இல்லன்னு சொல்லல. ஆனா அந்தச் சிலுவைக்கு ஒரு சொட்டுக் குடிக்காமத்தான் பெயிண்ட் அடிச்சாரு, அழுதுக்கிட்டே அடிச்சாரு. வருஷம் சரிதான் தம்பி, எழுதிக்குங்க. மனு போனப்ப ஓர்பா எங்க செத்தா? மெஷின் வராமத்தானே அப்புறம் அவளும் போனா. அந்தக் கதைய லேப்டாப்புல அடிச்சுக் குடுத்ததே அவதானே. அம்மா, இருநூறு வார்த்தைக்கு மேல போகுதும்மா, நான் சாகுற எடத்தக் கொஞ்சம் சுருக்கிக்கட்டுமான்னு கேட்டுக் கேட்டுச் சிரிச்சா.