பம்ப் ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் இருந்தவன்

காபி நன்றாக இருக்கிறது ஐயா. எங்கள் வீட்டில் மூன்று நாளாக எனக்குக் காபி கிடையாது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

என் பெயர் அம்புரோஸ். யூக்கான் ஆறு உறைந்து இறுகியதும் அதன்மேல் வந்து இறங்கும் விமானங்களுக்குச் சூடு காட்டுவது பதினோரு வருடமாக என் வேலை. விமானம் இறங்கியவுடன் என்ஜின் எண்ணெயைத் தகரத்தில் வடித்து, வீட்டு அடுப்புக்குப் பின்னால் வைத்துவிட வேண்டும். வெளியே விட்டால், பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரியில் அது களியாகிவிடும். மறுநாள் காலை என்ஜின்மேல் கித்தானைத் தரைவரை போர்த்தி, உள்ளே பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்து, ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார வேண்டும். என்ஜின் கதகதப்பானதும் சூடான எண்ணெயை ஊற்றினால் புறப்படலாம். சட்டம் ஒன்றுதான்: ஸ்டவ் எரியும்வரை ஆள் அசையக் கூடாது. மூத்திரம் முட்டினாலும் அடக்கிக்கொள்ள வேண்டும்.

தபால் விமானி ஹால்வர் தங்கமான பிள்ளை. அவன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு குளிர்காலமாக, அவன் இங்கே தங்கும்போதெல்லாம் நாங்கள் சீட்டாடுவோம். ஜெயித்த புள்ளிகளைக் குச்சி செருகிக் காட்டும் பலகை ஒன்று உண்டு. வால்ரஸ் தந்தத்தில் நான் செதுக்கியது. யார் முன்னணியில் இருக்கிறாரோ அவரிடம் பலகை இருக்கும் என்பது ஏற்பாடு. இரண்டு வருடமாக அது அவன் விமானத்தில்தான் இருந்தது. போகிற ஊரிலெல்லாம் எடுத்துக் காட்டுவானாம்.

அவனுக்குச் சனிக்கிழமை ஃபேர்பேங்க்ஸில் கல்யாணம் என்பது எனக்குத் தெரியும். என் மனைவி எஃபி மூன்று மாதமாக மணப்பெண்ணுக்கு மென்மயிர்த் தோலில் அங்கி தைத்துக்கொண்டிருந்தாள். குடித்தனம் சியாட்டிலில், இனி இந்தப் பக்கமே வரமாட்டான் என்பது மட்டும் திங்கட்கிழமை அவன் வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

"அப்ப பலக?" என்று கேட்டேன்.

"அது எங்கூட வந்துரும்ணே. நாளைக்கு எம்புள்ளைங்க கேட்டா, அம்புரோஸ்னு ஒரு பெரிய மனுஷன் எங்கிட்ட தோத்துக்கிட்டே இருந்தார்னு சொல்லுவேன்."

"ஒரு நாள் இருந்து ஆடிட்டுப் போயேன்."

"ஆடி என்னத்தண்ணே கிழிக்கப் போறீங்க?"

சுற்றி நின்ற ஊர்க்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை எண்ணெய்த் தகரம் அடுப்புக்குப் பின்னால் இல்லாமல் வாசலுக்கு வெளியே இருந்தது. வயதாகிறது, மறதி. கரண்டியை விட்டால் கரண்டி அப்படியே நின்றது. அது இளகுவதற்குள் இங்கே பகல் முடிந்துவிடும். அன்று ஆடினோம், தோற்றேன். புதன்கிழமை ஸ்டவ் பற்றவில்லை. அதன் நிப்பிள் என் சட்டைப்பையில் இருந்ததைச் சாயங்காலம்தான் கவனித்தேன். அன்றும் தோற்றேன். ஆட்டம் முடிந்ததும் ஹால்வர் பலகையைக் கொண்டுபோய் இருக்கைக்குப் பின்னால் கட்டினான். பக்கத்திலேயே எஃபி தன் அங்கியை மடித்துவைத்து, இரண்டு முறை தடவிக்கொடுத்துவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை ஹால்வர் சிரிக்கவில்லை. "அண்ணே, இன்னைக்கும் கெளம்பலேன்னா கல்யாணத்துக்கு மாப்பிள்ள இல்ல. ஒங்களத்தான் நம்பியிருக்கேன்" என்றான்.

எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அதனால் அன்று ஸ்டவ்வை ஒழுங்காகப் பற்றவைத்தேன். கித்தானுக்குள் உட்கார்ந்திருந்தபோது தோல் கையுறையை வீட்டில் விட்டுவந்தது நினைவுக்கு வந்தது. இந்தக் குளிரில் கையுறை இல்லாமல் இருப்பது ஆபத்து. எழுந்து போனேன். கித்தான் ஓரம் ஸ்டவ்வுக்குக் கொஞ்சம் நெருக்கமாக இருந்தது, தள்ளிவிட்டிருக்கலாம். போகிற வழியில் நாய்களுக்கு மீன் போட்டேன். அவையும் பசியோடு இருந்தன.

திரும்பி வருவதற்குள் விமானத்தின் மூக்குப் பக்கம் தீப்பிடித்துக்கொண்டது, பிறகு பெட்ரோல். ஆளுக்குச் சேதமில்லை. ஊரே வந்து கொஞ்ச நேரம் குளிர்காய்ந்தது என்றுகூடச் சொல்லலாம். தபால் மூட்டைகளும் போயின. அதற்காகத்தான் உங்களை அனுப்பியிருக்கிறார்கள் என்று புரிகிறது.

அடுத்த விமானம் நீங்கள் வந்ததுதான். கல்யாணம் நேற்று நடந்திருக்க வேண்டும். ஹால்வர் எங்கள் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். சீட்டைக் கலைத்துப் பக்கத்தில் வைத்தேன், அவன் தொடவில்லை. நான் ஒருவனே இரண்டு பேருக்கும் ஆடி, ஒருவழியாக முன்னணிக்கு வந்துவிட்டேன்.

நெருப்பு அடங்கிய பிறகு எஃபி என்னிடம் ஒன்று கேட்டாள். அதன் பிறகு அவள் பேசவில்லை, காபியும் தரவில்லை.

"கையுறை எடுக்கப் போனேங்குற. அப்ப ஒன் கக்கத்துல பலக எப்படிய்யா வந்துச்சு? அதுக்குப் பக்கத்துலதானே என் அங்கியும் இருந்துச்சு?"

நியாயமான கேள்வி. அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை, சொன்னாலும் அவளுக்குப் புரியாது. நீங்கள் விசாரணை செய்கிறவர், உங்களுக்குப் புரியும். அங்கியையும் சேர்த்து எடுத்திருந்தால், பார்க்கிறவர்களுக்கு நான் வேண்டுமென்றே செய்தது போலத் தோன்றியிருக்கும் ஐயா.