ஈர வைக்கோல்

வைக்கோலை மூன்று வெயில் காயவைத்துத்தான் போர் போட வேண்டும். கொல்லங்கோட்டில் மாடு வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். போன ஐப்பசி மழையிலும் எங்கள் போர் நனைந்து, உள்ளே வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துவிட்டது. நல்லதாகப் பொறுக்கித்தான் மாட்டுக்குப் போட்டேன். வாயில்லாத ஜீவன், சார்.

என் வீட்டுக்காரர் பூபதிராஜாவுக்கு இரண்டு வருடமாக இருமல். பாலக்காட்டு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம்தான் விளக்கினார். "பூஞ்சைத் தூசு விஷமில்லம்மா. அதை எதிரின்னு நெனச்சு அவரோட உடம்பே சண்டை போடுது. சண்டை நடந்த இடமெல்லாம் தழும்பாகி, நுரையீரல் விரியாமப் போகுது. அந்தத் தூசு இனி அவர் பக்கத்துலயே வரக்கூடாது." நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் வாரத்தில் இரண்டு நாள் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போக ஆரம்பித்தார். கேட்டால் வேலை என்பார். போன் வந்தால் வாசலுக்குப் போய்ப் பேசுவார். மடியில் கனமில்லாதவருக்கு வழியில் என்ன பயம்? போகும்போது படி இறங்கவே இளைக்கிற மனுஷன், திரும்பும்போது முகம் தெளிந்து, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வருவார்.

"அங்க போனாத்தான் மூச்சே நல்லா வருது, நாச்சா," என்றார் ஒருநாள். கட்டின பெண்டாட்டியிடம் சொல்கிற பேச்சா இது?

அன்றைக்கே அவர் தலையணையைப் பிரித்து, பஞ்சுக்கு நடுவே அந்தப் பூஞ்சை வைக்கோலை வைத்துத் தைத்தேன். அவர் இருமும்போதெல்லாம் முதுகை நீவிவிட்டு, தலையணையைத் தட்டிச் சரிசெய்து கொடுப்பேன். "உன்னையாட்ட ஆரு பாத்துக்குவா" என்று கையைப் பிடித்துக்கொள்வார். ஆவணியில் ஆக்ஸிஜன் வைத்தும் மூச்சு நின்றுவிட்டது. சண்டை போட்டது அவர் உடம்புதான், நானில்லை.

காரியம் முடிந்த மறுநாள் பொள்ளாச்சியிலிருந்து ஹவ்வா என்ற அம்மாள் ஒரு சாவியோடு வந்தார். "மாடு, வைக்கோல் பக்கத்துல இல்லாத ஊடா வேணும்னு எங்ககிட்ட வாடகைக்கு எடுத்தாருங்க. சம்சாரத்துக்கு மாட்டை விட்டுட்டு வர மனசு வராது, எல்லாத்தையும் முடிச்சுட்டுச் சொல்றேன்னாரு," என்றார். எந்தச் சம்சாரம் என்று நான் கேட்கவில்லை.

போய்ப் பார்த்தேன். இரண்டு கட்டில், இரண்டு டம்ளர். கொடியில் புது ஜாக்கெட் நான்கு. ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், தோளும் கையும் அப்படியே பொருந்தின. பாருங்கள் சார், என் உடம்புவாகிலேயே ஒருத்தியைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

அதனால்தான் தலையணையை நானே ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து உங்கள் மேசைமேல் வைத்திருக்கிறேன். என் பக்கத்தைச் சொல்லி முடித்துவிட்டேன். அவள் யாரென்று மட்டும் நீங்கள் கண்டுபிடித்துச் சொல்லுங்கள்.