பொலன்னறுவையில் போன மீசை

"ஹலோ… ஹலோ… ஆரு? … மஜீடா? பொறு மச்சான், வாய்க்குள்ள நுரை போகுது."

பொலன்னறுவையில் ஒரு சின்ன சலூன். கழுத்து வரை வெள்ளைத் துணி மூடிக் கிடந்தார் நாவற்குடா வினாயகமூர்த்தி. மூக்குக்குக் கீழே சவர்க்கார நுரை. நுரைக்குள்ளே முப்பது வருஷத்து மீசை. சவரக்கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி, தொடங்கட்டுமா என்று கண்ணாலேயே கேட்டான் சலூன்காரன். ஒரு விரலை நீட்டி அவனைத் தடுத்தார்.

"எங்க இரிக்கனா? … வவுணதீவில, வயல் வட்டைக்குள்ள. … அந்தச் சத்தமா? அது… டிரக்டர்க்காரன் சிங்களப் பாட்டுப் போட்டிரிக்கான். … சரி, சரி. பொலன்னறுவைதான். … ஓடி ஒளியல்ல மச்சான், ஊர் பார்க்க வந்த. …

ஓம், பந்தயம் கட்டினவன் நான்தான். உன்ட துணிக்கடைக்கு முன்னால, காத்தான்குடிச் சனமெல்லாம் பார்த்திருக்க, தேர்தல்ல எங்கட ஆள் தோத்தா மீசையை எடுக்கிறன் எண்டன். ஆர் இல்லையெண்ட? … தோத்தாச்சு. ஜனாதிபதியும் மாறியாச்சு. அதுக்காக, நாவற்குடாச் சந்தியில வைச்சுச் சிரைக்க நீ ஆள் பிடிக்கிறதா? …

கேளு கதையை. முதல் கண்டிக்குப் போனன். குளத்தடியில நிண்டு தண்ணிக்குள்ள மீசையைப் பார்த்துக்கொண்டு நிக்கன், பின்னால ஒருத்தன், 'தலைவர், மீசை இன்னமும் இரிக்கு' எண்டான். ஏறாவூர்ச் சனம், ஒரு வான் பிடிச்சு நிறைய வந்திரிக்காங்க. … சிரிக்காத. அங்க இரிந்து அனுராதபுரம். அங்க உன்ட ஆள் வெண்டதுக்கு வெடி கொளுத்தி, தெருவெல்லாம் பாற்சோறு குடுக்காங்க. … ஓம், திண்டன். … ரெண்டு துண்டு. … மூண்டு. பசி மச்சான். … சந்தோசமா? எனக்கென்ன சந்தோசம், தோத்தவன் நான்."

வாய் அப்படிச் சொன்னது. கண்ணாடியில் அதே வாய் காதுவரை போயிருந்தது.

"அந்தக் காலத்தில அனுராதபுரத்தில ஏலாமப் போன அரசன் பொலன்னறுவைக்கு ஓடி வந்தானாம். பொலன்னறுவையிலயும் ஏலாமப் போனவன் எங்க ஓடுற? அதுதான் சலூனுக்குள்ள பூந்திட்டன். இஞ்சயே எடுத்துப் படம் அனுப்புறன், போதும்தானே. … கேதீஸ்வரியா? அதை ஏன் கேக்காய்."

மனைவியின் பெயர் வந்ததும் குரல் தணிந்தது.

"ஞாயித்துக்கிழமை மகள்ட கலியாணம். சம்பந்திக்கு முன்னால மொட்டை மூஞ்சியோட நிக்கிற மனுசன் எனக்கு வேணாம், மீசையில்லாம வந்தா படலை திறக்கமாட்டன் எண்டுட்டாள். … என்ட வீடா? நம்மட ஊர்ல ஆம்பிளைக்கு ஏது மச்சான் வீடு? அது அவட சீதன வீடு. முப்பது வருஷமா நான் அதில குந்தியிரிக்கன், அவ்வளவுதான். … ஓம். … ஓம், ஓம்."

மஜீட் எதிரே நிற்பதுபோல, ஒவ்வொரு ஓமுக்கும் தலையையும் ஆட்டினார் வினாயகமூர்த்தி. இந்தத் தலையாட்டலுக்குத்தானே சலூன்காரன் காத்திருந்தான். சரக்.

"ஐயோ. … உன்னையில்ல மச்சான். நவத்தன்ன தம்பி, நவத்தன்ன."

சிங்களத்தில் சொன்னதும் கத்தி நின்றது. ஆனால் வலப்பக்கம் வெட்டவெளியாகியிருந்தது.

"ஒண்டுமில்ல, பாதி போயிற்று. நீ என்னத்துக்குக் கோல் எடுத்த? … என்ன? … விட்டுட்டாயா? பந்தயத்தையா? … ஆரு, அஜந்தாவா? … கலியாணப் பொம்பிள உன்ட கடைக்கு வந்து நிண்டு அழுதவளா? … அப்பா மீசையோட நிக்கவேணும் எண்டா?"

கண்ணாடியைப் பார்த்தார். இடப்பக்கத்துப் பாதி மீசை அவரைப் பார்த்தது. வெள்ளைத் துணிக்குள் வயிறு குலுங்கத் தொடங்கியது.

"இதை ஒரு நிமிசம் முந்திச் சொல்லியிரிக்கலாமே, பாவி. … அழல்ல, சிரிக்கன். … கேதீஸ்வரிட்ட நீதான் வந்து கதைக்கணும். உன்ட சொல்லைக் கேப்பாள். படலையடியில என்னோட நில்லு, அது காணும். … பைத்தியமில்ல மச்சான். ஏன் சிரிக்கன் எண்டு சொல்லவா? … கடையில பக்கத்தில ஆரும் இரிக்காங்களா? … கொஞ்சம் அங்கால போ. … இன்னும் போ. … போயிற்றாயா? …

எங்கட ஆளுக்கு நான் மேடை போட்டன், நோட்டீஸ் ஒட்டினன், தொண்டை கிழியக் கத்தினன். எல்லாம் உண்மை. ஆனா அரசாங்கம் உரத்தை நிப்பாட்டி, வட்டை முழுக்க மஞ்சளாக் கிடந்த போகம் உனக்கு நினைவிருக்கா? … வாக்குச்சாவடியில, அந்த மட்டைத் தட்டிக்குப் பின்னால, பேனையோட தனிய நிக்கக்குள்ள எனக்கு அதுதான் கண்ணுக்குள்ள வந்த. … ஓம். … ஓம் எண்டுறன்… என்ட வோட்டு, நான் போட்ட புள்ளடி, உன்ட ஆளுக்குத்தான்."

போனை அணைத்து மடியில் வைத்தார். சலூன்காரனைப் பார்த்து, இந்த முறை மனசறிந்து, தலையை ஆட்டினார்.