ஊர் சொல்லாத மகன்

டிரைவரிடம் "முந்தல்" என்று சத்தமாகச் சொல்லி போடியில் ஜீப் ஏறிய நான், அடுத்தவர் பேச்சைக் கேட்கும் ஆசையில் முந்தலைத் தாண்டி மலையும் ஏறிவிட்டேன். அறுபது வயதாகியும் என் காது போகிற இடத்துக்குத்தான் நானும் போகிறேன்.

எதிரே ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள். மூத்தவள் பேச்சி சொன்னதுதான் என்னை இழுத்தது.

"எம்மகன் எந்த ஊர்ல இருக்கான்னே தெரியல சரசு. அதான் நிம்மதியா இருக்கு."

"புள்ளைய பட்டாளத்துக்கு அனுப்பிட்டு நிம்மதியாம்! நல்ல ஆத்தாதான் மதினி நீ."

"முன்னெல்லாம் எந்த ரயிலு, எந்தப் பஸ்சுன்னு சொல்லுவான். நானும் தெரு பூராம் சொல்லித் திரிவேன். பட்டாளத்து பஸ்சுக்குக் குண்டு வச்சாய்ங்கல்ல, அதுலருந்து வாயத் தொறக்குறதில்ல. வண்டி கெளம்புற நேரத்தக்கூட மாத்திக்கிட்டே இருக்காகளாம். வண்டிக்கு முன்னாடி ஆளுக நடந்து போயி ரோட்டச் சோதிக்கிறாகளாம்."

"நாம செடிக்குள்ள கைய விடுறதுக்கு முன்னாடி, பாம்பு கெடக்கான்னு கம்பால தட்டிப் பாப்பமே, அப்பிடியா?"

"அதே சோலிதான். முன்னால நடக்குற அந்தப் புள்ளைக யாரு பெத்ததோ, நல்லா இருக்கணும். போன மாசம் சொல்லாமக் கொள்ளாம வாசல்ல வந்து நின்னான்டி எம்மகன். முழுசா."

சரசு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அத்தோடு சும்மா இருந்திருக்கலாம்.

"தம்பி அடுத்து எப்பம்மா லீவுல வர்றாரு?" என்று கேட்டுவிட்டேன்.

பேச்சி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"முந்தல்னு சொல்லித்தான ஏறுனீக, ஏன் இன்னும் எறங்கல?"