பனி அரக்கன் மெட்ராஸுக்கு வந்தால்

கத்திரி வெயிலில் பஸ் மயிலாப்பூர் குளத்தருகே சிக்னலில் நின்றிருந்தது. முன் சீட்டில் இருந்த இருவரில் ஒருவர் காமிக்ஸ் எழுதுகிறவர், இன்னொருவர் அதற்குப் படம் வரைகிறவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"உன் வில்லன்தான் ஜெயிக்கணும்னு எங்க அம்மாவே சொல்லுது மச்சி," என்றார் வரைகிறவர்.

"அவன் நார்வே புராணத்துலேர்ந்து எடுத்த பனி அரக்கன்டா. உலகத்தையே உறைய வைக்கிறவன்."

"அதான் பிரச்சினையே. மெட்ராஸுக்கு வந்து, மூணு வருஷத்துக்கு வெயிலே கிடையாதுன்னு மிரட்டிக்கினு கீறான். எவன் பயப்படுவான்?"

"கடைசியில ஹீரோ சூரியனை மீட்டுக் கொண்டு வர்றான் இல்ல?"

"அந்தப் பக்கத்தைப் படிச்சிட்டுத்தான் அம்மா ஹீரோவைத் திட்டுது. நாளைக்கு அச்சுக்குப் போவணும். நான் இன்னாத்த வரையறது?"

எழுதுகிறவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் கொடூரமா ஆக்கிடலாம். கடலையே உறைய வெச்சா?"

"கொட்டிவாக்கத்துக்குக் கடல் மேலயே நடந்து போவலாம்னு குஷியாயிடுவாங்க."

பக்கத்தில் நின்றிருந்த கண்டக்டர் கர்சீப்பால் கழுத்தைத் துடைத்தபடி குனிந்தார்.

"தம்பி, அவரு கே.கே. நகர் பக்கம் எப்போ வர்றாரு?"