கிணற்றில் கிடைத்த கல் இலை

வெயில் காலத்தில் கிணற்றுக்குள் சுகமாக இருக்கும். அதனால்தான் பிரேம்நாத் சார் நேரம் போவது தெரியாமல் உள்ளேயே கிடப்பார்.

நான் முனுசாமி. படிக்காதவன். கேட்டீர்கள், சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். என் அப்பாவுக்கும் நிலம் இருந்தது. யாரோ காகிதத்தை நீட்டிக் கைநாட்டு கேட்டார்கள், வைத்தார். மறுவருஷம் அதே நிலத்தில் கூலிக்கு நடவு நட்டார். நான் நாற்பது வருஷம் ஊரார் கிணறுகளை வெட்டித்தான் வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் இந்த அறுபது சென்ட்டை வாங்கினேன்.

என் கிணற்றில் இருபது அடிக்குக் கீழே தண்ணீர் வரவில்லை, வெள்ளைக் களிக்கல் வந்தது. கடப்பாரை பட்டால் ஏடு ஏடாகப் பிரியும். உள்ளே இலை. சீப்புப் பல் மாதிரி வரிசை வரிசையாக. அதைக் கேள்விப்பட்டுத்தான் சார் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார். கல்லூரியில் ஆராய்ச்சி. முப்பது வயது இருக்கும். நல்ல மனிதர், நான் கொடுத்த கூழை முகம் சுளிக்காமல் குடித்தார்.

"இது இலை இல்ல ஐயா, இலையோட அச்சு. தண்ணியில விழுந்துது. அழுகறதுக்குள்ள நைசான சேறு வந்து மூடிக்கிச்சு. காத்து படல. மேல மேல மண்ணு சேர்ந்து அழுத்தி, சேறே கல்லாயிடுச்சு."

"எத்தினி வருசம் இருக்கும்?"

"பத்துக் கோடிக்கு மேல."

"அப்போ பட்டா யார் பேர்ல இருந்துது சார்?"

விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிப்புக்காகக் கேட்கவில்லை.

இன்னொரு கல்லில் சிப்பியின் அச்சு இருந்தது. கடல் ஒரு காலத்தில் இங்கே வரைக்கும் வந்திருக்கிறது என்றார்.

"அத்த தெரிஞ்சிக்கினு இன்னா பண்றது?"

"எங்க வரைக்கும் வந்துதுன்னு தெரிஞ்சாத்தானே, இனிமே எங்க வரும்னு யோசிக்க முடியும்?"

நியாயமான பேச்சுதான். நாலாம் நாள் ஒரு காகிதம் கொண்டுவந்தார்.

"இதுல ஒரு கைநாட்டு வைங்க ஐயா. இந்த இடத்தப் பத்தி அரசாங்கத்துக்கு எழுதப்போறேன். உங்க நல்லதுக்குத்தான்."

அப்பாவிடம் நீட்டியவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

"வெக்கமாட்டேன் சார்."

"சரி, யோசிச்சு வைங்க. ஆனா எழுதாம விட முடியாது ஐயா, அவ்ளோ முக்கியமான இடம்" என்று சொல்லிவிட்டு நூலேணியில் இறங்கினார்.

எனக்கு என்ன வழி இருந்தது? காகிதத்தை யாரிடம் காட்டுவேன்? படித்துச் சொல்கிறவன் உள்ளதைத்தான் சொல்கிறான் என்று எதை வைத்து நம்புவேன்? ஏணியை மேலே இழுத்தேன்.

"ஐயா, ஏணிய ஏன் தூக்கிட்டீங்க? விளையாடாதீங்க, போன் மேல பையில இருக்குது."

மண்ணை மட்டும் போட்டால் அவர் அதன்மேல் ஏறி ஏறி வெளியே வந்துவிடுவார். கிணறு வெட்டுகிறவனுக்கு அது தெரியும். அதனால் சுற்றுச்சுவருக்கு வைத்திருந்த கற்களை முதலில் தள்ளினேன். மூன்று. மூன்றாவதற்குப் பிறகு சத்தம் இல்லை. பிறகு, நாலு மாதமாக நானே வெட்டிக் கொட்டிய மண். அழுகுவதற்குள் மூடினால்தான் அச்சு நிற்கும் என்று அவர்தான் சொல்லியிருந்தார். நானும் தாமதிக்கவில்லை. காலையில் தொடங்கியது, பிற்பகல் மூன்று மணிக்குள் தரைமட்டத்துக்கு வந்துவிட்டது. போனைப் பையோடு முன்பே உள்ளே போட்டிருந்தேன். காகிதத்தைப் போட மனம் வரவில்லை. அதில் என் நிலம் இருக்கிறதே. அரிசிப் பானைக்கு அடியில் வைத்தேன்.

என் சம்சாரம் செல்லியம்மாள் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் கூட்டிப் பெருக்குகிறாள். சாயங்காலம் வந்து பார்த்தாள்.

"இன்னாய்யா, கிணத்த மூடிட்ட?"

"தண்ணி இல்ல."

"நாலு மாசமா வெட்டிட்டு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா? அந்த சாரு இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

அது பொய்யில்லை.

நான்தான் செய்தேன். அவள்மேல் ஒன்றும் இல்லை, அவளை வீட்டுக்கு அனுப்புங்கள். ஆனால் சாரைத் தேடி வந்து பானைக்கு அடியில் எடுத்த அந்தக் காகிதத்தை இன்று காலை நீங்கள் படித்துக் காட்டினீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. இந்த நிலம் முனுசாமி ஐயாவுக்குச் சொந்தம், அவர் சம்மதம் இல்லாமல் யாரும் இங்கே ஒரு பிடி மண்கூட எடுக்கக் கூடாது என்று சார் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். இரண்டு தரம் படித்தீர்கள். போலீஸ்காரர்கள் எதையும் எழுதுவார்கள், எதையும் படிப்பார்கள். நீங்கள் படித்தது பொய் என்றே வைத்துக்கொள்கிறேன். வேறு எப்படி வைத்துக்கொண்டு நான் சோறு தின்பது?